மடித்து வைத்த ஆரஞ்சு வெஸ்ட்

கயிற்றுப் பையின் மேல் நான்காக மடித்து வைத்த, வேலையில் சட்டைமேல் போடுகிற ஓர் ஆரஞ்சு வெஸ்ட். வெளிச்சம் பட்டால் மின்னுகிற வெள்ளிப் பட்டை மேல்பக்கம் தெரிய வேண்டும், கழுத்துப் பக்கம் உள்ளே போயிருக்க வேண்டும். அப்படி மடித்தால்தான் முதலாளிக்குப் பிடிக்கும். துணிக்கடையில் வேலை பார்ப்பவன்கூட அவ்வளவு பதவிசாக மடிக்க மாட்டான். மடித்து வைத்துவிட்டு நான் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். முன்னால் புல்தரையில் கொண்டோமினிய அடுக்குமாடியின் கமிட்டிக்காரர்கள் காப்பிக் கோப்பையோடு நிற்பார்கள். அறுபத்தைந்தைத் தாண்டிய முதலாளி கயிற்றைப் பிடித்து மரத்தில் ஏறுவார். அவர்கள் கைதட்டுவார்கள். அவரை ஏற்றியது நான். இத்தனை வருஷம் கழித்தும் அந்த மடிப்பை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மரம் ஏறுவது என்றால் பலருக்குத் தென்னை மரம்தான் நினைவுக்கு வரும். சிங்கப்பூரில் எங்கள் வேலை வேறு. சாலையோரத்திலும் அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவிலும் நிற்கிற தூங்குமூஞ்சி மரம், அங்சானா மரம் இவற்றில் பட்டுப்போன கிளைகளை வெட்டி இறக்குவது. ஆளைத் தூக்குகிற லாரி போக முடியாத இடத்தில் ஆள் ஏற வேண்டும். உயரத்தில் நல்ல கிளையாகப் பார்த்து அதன்மேல் கயிற்றைப் போடுவோம். ஒரு முனை ஏறுகிறவன் இடுப்பில் மாட்டிய ஹார்னஸ் வாரில். மறுபக்கம் அவன் இடுப்பிலேயே ஒரு நழுவு முடிச்சின் வழியாகப் போய்த் தரைவரை தொங்கும். அதை வால் என்போம். ஏறுகிறவன் கயிற்றை இழுத்து, முடிச்சை நகர்த்தி, தன்னைத்தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும். கீழே நிற்கிறவன் அந்த வாலைப் பிடித்து இழுத்தால் ஏறுகிறவனுக்குப் பாரம் குறைந்துவிடும். கிணற்றில் வாளி வருவது மாதிரி மேலே போய்விடலாம். களைத்தவனுக்குக் கீழிருந்து ஒரு கை கொடுப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். நாலு பேர் பார்க்கச் செய்கிற வரைக்கும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலாளியை எனக்கு எங்கள் பங்குக் கோயிலில் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் அவர்தான் வாசகம் வாசிப்பார். நல்ல கணீர்க் குரல். கப்பல் பட்டறையில் என் வேலை போய் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, என் மனைவி பூசை முடிந்ததும் நேரே அவரிடம் போய், "இவருக்கு உங்ககிட்ட ஏதாவது வேலை இருக்குமாங்க" என்று கேட்டுவிட்டாள். எனக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். அவர் என் தோளை அழுத்திப் பார்த்தார், மாடு வாங்குகிறவர் மாதிரி. "நாளைக்கு ஆபீஸ் பக்கம் வா" என்றார். ஆபீஸ் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பூமாலைக் கடைக்கு மேல்மாடி. கீழே மல்லிகை வாசம், மேலே செயின்சா எண்ணெய் நாற்றம். சுவரில் மாதா படம், மாதாவைச் சுற்றி முதலாளி படங்கள். கயிற்றில் தொங்குகிற முதலாளி, கிளையில் சாய்ந்திருக்கிற முதலாளி, ஒரு கையால் தொப்பியைத் தூக்கிக் காட்டுகிற முதலாளி. மாதாவுக்கு ஒரே படம்தான்.

அவரை முழுப் புளுகர் என்று சொன்னால் நான்தான் புளுகுகிறேன் என்று ஆகும். நான் சேர்ந்த காலத்தில் அவர் நிஜமாகவே ஏறினார், நன்றாகவும் ஏறினார். அவசரம் இருக்காது, முகத்தில் கஷ்டம் தெரியாது. என்னையும் பயிற்சிக்கு அனுப்பி மரம் ஏறுகிறவனாக்கியது அவர்தான். புதிதாக ஒரு கொண்டோ வேலை கிடைத்தால் முதல் மரத்தில் முதலாளியே ஏற வேண்டும் என்று கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. அவரே உண்டாக்கிய வழக்கம். வேலை கொடுத்தவர்களை வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண்ணெதிரே ஏறி, ஒரு கிளையை வெட்டி இறக்கிவிட்டு இறங்குவார். அதன்பிறகு நாங்கள் போவோம். நல்ல வழக்கம் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு அவருடைய உடம்பில் பலம் நின்றுபோனது. வழக்கம் நிற்கவில்லை.

ஆள் பார்க்காத மரத்தில் அவர் ஏறியதே இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. லிட்டில் இந்தியாவில் சாயங்காலமானால் மைனாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து மரங்களில் அடையும். கடைக்காரர்கள் புகார் கொடுப்பார்கள். நாங்கள் போய்க் கிளைகளின் நெருக்கத்தைக் குறைக்க வேண்டும். காலையில் ஏறினால் கை வைக்கிற இடமெல்லாம் எச்சம். எச்சம் என்று எழுதும்போது நாகரிகமாகத்தான் இருக்கிறது, அது பீ. ஹெல்மெட்டில், கழுத்துக்குள், வாயைத் திறந்தால் வாயில். நடுவில் செவ்வெறும்பு வேறு. வீட்டுக்குப் போனால் என் மனைவி கதவுக்கு வெளியிலேயே சட்டையைக் கழற்றச் சொல்வாள். அந்த மரங்களுக்கெல்லாம் நாங்கள். முதலாளி மேல்மாடி ஜன்னலில் நின்றபடி, "மூக்கப் பொத்திக்கிட்டு ஏறுங்க லா" என்பார். அவருக்கு வேண்டியது நீச்சல் குளத்துப் பக்கத்து மரம்.

அவரை நான் முதல் தடவை இழுத்தது தஞ்சோங் பகாரில். புதிதாக எழுந்த ஓர் அடுக்குமாடிக்கு முன்னால் பழைய தூங்குமூஞ்சி மரம் ஒன்றை வெட்டாமல் விட்டுவைத்திருந்தார்கள். ஏறிக்கொண்டிருந்த முதலாளி பாதியில் நின்றுவிட்டார். கால் உதறியது எனக்குக் கீழிருந்தே தெரிந்தது. நான் வாலைப் பிடித்து இழுத்தேன். ஒரு மனுஷன் தவிக்கும்போது எவனும் செய்வதுதான். மேலே போனார், வேலையை முடித்து இறங்கினார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல நேரத்துல கை குடுத்த தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது. அவர்மேல் எனக்கு அன்றைக்கு இருந்த மரியாதை அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. அவர் அன்றோடு விட்டிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

அடுத்த வேலையில், ஏறுவதற்கு முன்பே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ மரத்துக்குப் பின்னாடி நின்னு இழு" என்றார். தூங்குமூஞ்சி மரத்தின் அடி ஒரு ஆளை மறைக்கப் போதும். அதற்கு அடுத்த தடவை வெஸ்ட்.

"தம்பி, அந்த வெஸ்ட்டக் கழட்டி வெச்சிரு. தூரத்துலேருந்தே கண்ணுல அடிக்குது லா."

"வெஸ்ட் இல்லாம மரத்தடியில நிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

"அது மத்த மரத்துக்கு. இது என் மரம்."

கழற்றினேன். தூக்கிப் புல்லில் போட்டேன். அவருக்கு அது பொறுக்கவில்லை. விருந்தாளிகள் வருகிற இடத்தில் இப்படியா போடுவது என்று, எப்படி மடிக்க வேண்டும் என்று அவரே குனிந்து மடித்துக் காட்டினார். என் உயிரைக் காக்கிற ஒரே துணியை என் உடம்பிலிருந்து கழற்றச் சொன்ன மனுஷனுக்கு, அது கசங்கிக் கிடப்பது மட்டும் கண்ணை உறுத்தியது.

இழுப்பது என்றால் சும்மா இல்லை. கனத்த உடம்பு. மரத்தோடு முதுகை ஒட்டி, காலை வேரில் ஊன்றி, சத்தம் வராமல் இழுக்க வேண்டும். முனகக் கூடாது. எனக்கு மூச்சு வாங்குவது அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாது. மேலிருந்து அவருடைய வியர்வை என்மேல் சொட்டும்; தலைக்குத் தேய்த்த எண்ணெயும் தைலமும் கலந்த ஒரு வாடை. நான் அதைத் துடைக்க முடியாது, இரண்டு கையும் கயிற்றில். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் இங்கிலீஷில் வியக்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் அவர் தொப்பியைத் தூக்கிக் காட்டுவார். கைதட்டல் வரும். நகர்ந்தால் கண்ணில் படுவேன் என்று, அவர் இறங்குகிறவரை நான் அங்கேயே நிற்க வேண்டும். இறங்குவதற்குப் பலம் வேண்டாம், முடிச்சைத் தளர்த்தினால் கயிறே இறக்கிவிடும். இறங்கி நின்று, மூச்சு வாங்காமல், "வயசு வெறும் நம்பர்தான் லா" என்பார். மூச்சு எப்படி வாங்கும், அவர் வாங்க வேண்டிய மூச்சையும் சேர்த்து மரத்துக்குப் பின்னால் நான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொல்லிப் புலம்புவேன். என் மனைவி துணி மடித்தபடியே கேட்பாள். வெஸ்ட்டை எப்படி மடிப்பேன், எங்கே நிற்பேன், அவர் ஏறும்போது நான் எப்படிக் கண்ணில் படாமல் இருப்பேன் என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். "பிடிக்கலேன்னா நின்னுடுங்க, வேற வேலை கிடைக்காமயா போயிடும்" என்பாள். நிற்கலாம்தான். ஆனால் கப்பல் பட்டறை போனபின் வந்த வேலை, பிள்ளைகள் படிக்கிற வயது. முதல் மரம் எப்போதாவது ஒன்றுதானே, மற்ற நாளெல்லாம் நான் நானாகத்தானே ஏறுகிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புக்கிட் தீமா பக்கம் ஒரு கொண்டோவில் அது முடிவுக்கு வந்தது. அன்றைக்குக் கூட்டம் அதிகம். முதலாளிக்கு உற்சாகம் தலைக்கேறி, வழக்கத்தைவிடப் பெரிய கிளையாகப் பார்த்து அறுத்தார். கிளையை விடுவதற்கு முன் கீழே பார்க்க வேண்டும். மரத்தடியில் ஆரஞ்சு தெரிந்தால் விடக் கூடாது. பார்த்தாராம். ஆரஞ்சு தெரியவில்லையாம். நான் அங்கே நிற்கிறேன் என்பது அவருக்கு மறந்துவிட்டது. தன்னை இழுத்து ஏற்றியவன் அடியில் நிற்கிறான் என்பதையே மறக்கிற அளவுக்கு, தனியாக ஏறிவிட்டோம் என்று அவரே நம்பியிருக்கிறார். இதை நினைக்கும்போதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருக்கிறது. ஊரை ஏமாற்றுகிறவனை ஒரு மாதிரி சகித்துக்கொள்ளலாம்.

கிளை வேறொரு கிளையில் பட்டுத் திரும்பி என் தோளில் விழுந்தது. காறையெலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. செடிகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தேன். கத்தினேனா என்று நினைவில்லை. அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது நினைவிருக்கிறது. அவர் மேலிருந்து என்னைப் பார்த்தார். எங்கள் கண் சந்தித்தது. பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாக, கூட்டத்தின் முன்னால் இறங்கினார். படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் முடிந்து, சிரித்த முகம் மாறாமல் பின்னால் வந்து குனிந்து, "சத்தம் போடாத தம்பி" என்றார். லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் பழக்கூடையோடு வந்தார். எனக்காகச் செபித்ததாகச் சொன்னார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "லாரியில ஏறும்போது கால் தடுக்கி விழுந்தேன்னு சொல்லிடு. கம்பெனி பேரு பாரு, உன் சோறும் அதுலதானே இருக்கு" என்றார். பழக்கூடையைத் திருப்பிக் கொடுத்தேன். விபத்தை விசாரிக்க வந்த மனிதவள அமைச்சு அதிகாரியிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். மரத்துக்குப் பின்னால் நின்றேன், முதலாளியை நான்தான் இழுத்து ஏற்றினேன், வெஸ்ட்டைக் கழற்றச் சொன்னது அவர் என்று.

அதிகாரி நல்ல மனுஷர்தான். கமிட்டிக்காரர்களிடம் போய்க் கேட்டிருக்கிறார். பெரியவர் தனியாகத்தான் ஏறினார், மரத்துக்குப் பின்னால் யாரும் இல்லை, நாங்கள் எல்லாரும் கண்ணால் பார்த்தோம் என்று ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நான் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதுதானே என் வேலை. அதை அவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறேன். கூட வேலை செய்தவர்கள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் அதிகாரி என்னையும் முதலாளியையும் தன் அலுவலகத்துக்கு வரவழைத்து, அவர்கள் எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். மேலே முதலாளி, தொப்பியைத் தூக்கியபடி. கீழே புல்லில் கயிற்றுப் பை. அதன்மேல் நான்காக மடித்த வெஸ்ட், வெள்ளிப் பட்டை பளபளவென்று. இது உங்களுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடிபட்டவன் பாதுகாப்பு வெஸ்ட்டை அவனே கழற்றி, பொறுமையாக மடித்து வைத்துவிட்டுப் போய் மரத்தடியில் நின்றிருக்கிறான், தவறு அவனுடையது என்று முடிந்துபோனது. முதலாளி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். வெளியே வரும்போது என் காதருகில், "நீ அங்க இருந்ததே யாருக்கும் தெரியாதே தம்பி" என்றார். குரலில் கேலி இல்லை. உண்மையாகவே எனக்காகப் பரிதாபப்பட்டார்.

தோள் சேர்ந்ததும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன். அவர் அதற்குப் பிறகும் பல வருஷம் முதல் மரம் ஏறினார் என்று கேள்விப்பட்டேன். கடைசியில் படுக்கையில்தான் போனார், தூக்கத்தில். அடக்கப் பூசைக்கு நான் போக மாட்டேன் என்றேன். என் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். சவப்பெட்டிமேல் வெள்ளைப் பூக்களுக்கு நடுவில் அவருடைய கயிற்றைச் சுருட்டி வைத்திருந்தார்கள். என் உள்ளங்கைத் தோலை உரித்த அதே கயிறு. எழுபது வயதிலும் ஒருவர் துணையில்லாமல் மரம் ஏறியவர், ஆண்டவருடைய கரம் அவரைத் தாங்கிற்று என்று பங்குத்தந்தை பிரசங்கத்தில் சொன்னார். ஆண்டவருடைய கரம். நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். எனக்குப் பிறகு அவருக்குக் கயிறு இழுத்தவன் பின்வரிசையில் ஒரு தூணோரமாக நின்றிருந்தான். அவனும் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. நானும் ஏறிக்கொண்டுதான் இருந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். மேலே போனால் ஒருத்தர் மூஞ்சியும் பார்க்க வேண்டாம். ஆனால் நரைத்த தலையோடு ஹார்னஸ் மாட்டினால் போதும், இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பரவசம் வந்துவிடுகிறது. "அங்கிள், சூப்பர் லா" என்று கைத்தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். என் சூப்பர்வைசர் புதிதாகச் சேர்கிறவர்களிடம் என்னைக் காட்டி, "இந்த வயசுலயும் பாரு" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உணவங்காடியில் என்னைவிட மூத்த அம்மா ஒருவர் எச்சில் தட்டுகளை அள்ளிக்கொண்டு போகிறார், அவருக்கு ஒருவரும் கைதட்டிப் பார்த்ததில்லை. அவர் ஏறுகிற உயரம் மேஜை அளவுதான் என்பதாலா?

என் மனைவியிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். என் கயிற்றை வேறொரு கை தொடுகிற நாளில் ஹார்னஸைக் கழற்றிவிடுவேன், அவரைப் போல நாறிப்போக மாட்டேன் என்று. "உங்க முதலாளியும் ஒரு காலத்துல இப்படித்தான் சொல்லியிருப்பாரு" என்றாள் அவள். எனக்குக் கோபம் வந்தது. என்னையும் அந்த ஆளையும் ஒரே தராசில் வைக்கிறாயே என்று இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

கீழே எனக்குக் கயிறு பார்ப்பவன் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவன், நாற்பதை நெருங்கியவன், ஊரில் இரண்டு பெண் குழந்தைகள். தம்பி என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. என் மனைவியை அண்ணி அண்ணி என்பான். அவளும் அவனுக்குத் தனியாக மீன் எடுத்து வைப்பாள். இந்த வருஷம் தொடங்கியதிலிருந்து மரம் எனக்கு லேசாகிக்கொண்டே வந்தது. கை வலிக்கவில்லை, பாதியில் நிற்கத் தேவைப்படவில்லை. தேத்தண்ணியில் சர்க்கரையை விட்டதனால்தான் என்று எல்லாரிடமும் சொன்னேன். கிளினிக்கில் டாக்டரிடம் சொன்னேன். மச்சானுக்குச் சர்க்கரையை விடச் சொல்லிப் புத்திமதி சொன்னேன். "போன வருஷத்துக்கு இந்த வருஷம் பத்து வயசு கொறஞ்ச மாதிரி இருக்கு" என்று மனைவியிடம் சொன்னபோது, அவள் ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "சரி சரி, சாப்பிடுங்க" என்றாள்.

போன வாரத்தோடு நான் ஏறுவதை விட்டுவிட்டேன். அது நடந்தது செங்காங்கில், கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய ஒரு தூங்குமூஞ்சி மரத்தில். பட்டுப்போன பெரிய கிளை ஒன்று கார்களுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. காலை வேளை. புளோக்கின் அடித்தளத்துத் திறந்த கூடத்தில் பெரியவர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். மேல்மாடி நடைபாதையில் ஓர் அம்மா வழக்கம்போலக் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். பாதி ஏறியிருப்பேன், ஹெல்மெட் வார் தளர்ந்துவிட்டது. அதை இறுக்குவதற்காக இரண்டு கையையும் கயிற்றிலிருந்து எடுத்தேன். முடிச்சு பிடித்திருக்கும், நான் தொங்கிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை. கை இரண்டும் தாடையில் இருக்க, என் உடம்பு ஒரு சாண் மேலே போனது.

சர்க்கரையை விட்டால் அப்படிப் போகாது.

கீழே பார்த்தேன். ஆள் இல்லை. கயிற்றுப் பை மட்டும் இருந்தது, அதன்மேல் ஆரஞ்சு வெஸ்ட். நான்காக மடித்து, வெள்ளிப் பட்டை மேல்பக்கம் தெரிய.

"தம்பி" என்று கூப்பிட்டேன். "நிக்கிறது தெரியும், வெளிய வா" என்றேன். கயிற்றின் வாலைக் கையில் பிடித்தபடியே மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எத்தனை நாளா?"

"நீங்க நல்லாத்தான் ஏறுறீங்க அண்ணே. நான் சும்மா ஒரு கை..."

"எத்தனை நாளாடா?"

"தைப்பூசத்துக்கு முன்னாடிலேருந்து. அண்ணிதான் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னாங்க. வெஸ்ட்ட இப்படிக் கழட்டி வெச்சிட்டுப் பின்னாடி நின்னா மேலேருந்து தெரியாதுன்னு அவங்கதான் மடிச்சுக் காமிச்சாங்க."

முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை, என் வாய் வழியாக, துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவியின் காதுக்குப் போய், இவன் கைக்கு வந்திருக்கிறது. அங்கே ஏமாந்தவர்கள் காப்பிக் கோப்பையோடு புல்லில் நின்றார்கள். இங்கே ஏமாந்தவன் நான். தைப்பூசத்திலிருந்து எனக்கு நானே கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சீ என்று இருந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன்மேல் இல்லை, அவள்மேல்கூட இல்லை.

அதற்குப் பிறகுதான் அடுத்தது மண்டையில் ஏறியது. இத்தனை மாதமும் ஒவ்வொரு கிளையையும் விடுவதற்கு முன் நான் கீழே பார்த்திருக்கிறேன். ஒழுங்காக, ஒரு தடவை தவறாமல் பார்த்திருக்கிறேன். மரத்தடியில் ஆரஞ்சு இல்லை, இலைகளுக்கு ஊடே பைப் பக்கம் தெரிகிற ஆரஞ்சு தள்ளி நிற்கிற ஆள்தான் என்று நம்பி விட்டிருக்கிறேன். இவன் நேர் கீழே, வெஸ்ட் இல்லாமல், என் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன். அவன் தோள்மேல் விழாமல் போனது என் சாமர்த்தியம் இல்லை. என் தோள் பழைய இடத்தில் வலித்தது.

"வெஸ்ட்டப் போடு" என்றேன்.

"இறங்குறீங்களா அண்ணே?"

இறங்கியிருக்கலாம். அந்தக் கிளை கார்களுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. அன்றைக்கு மரம் ஏறத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். என் கைப்பலத்தில் மிச்சப் பாதியை ஏற முடியுமா என்று மனசுக்குள் பார்த்தேன். முடியாது என்று கை சொல்லிற்று. எவ்வளவு நாளாக முடியாமல் இருந்ததோ.

"வெஸ்ட்டப் போட்டுட்டு முன்னாடி வா. எல்லாரும் பாக்குற மாதிரி நின்னு இழு. கிளைய விடும்போது நான் சொல்றேன், தள்ளிப் போயிடு."

போட்டுக்கொண்டான். மரத்துக்கு முன்னால், வெயிலில் வந்து நின்று, இரண்டு கையாலும் வாலைப் பிடித்து இழுத்தான். நான் மேலே போனேன். சாக்கு மூட்டையை ஏற்றுவது மாதிரித்தான் இருந்திருக்கும். அடித்தளத்துப் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேல்மாடி அம்மா கைத்தொலைபேசியை இறக்கிவிட்டார். ஒருவன் இழுத்து இன்னொருவன் ஏறுவதைப் படம் எடுக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. ஒருவரும் கைதட்டவில்லை. வெட்கமாகவும் அருவருப்பாகவும் இருந்தது. கயிறு மட்டும் சுகமாக, லேசாக வந்துகொண்டிருந்தது. அந்தச் சுகத்தை முதலாளியால் ஏன் விட முடியவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கிளையை அடைந்து, காலை ஊன்றி, ரம்பத்தை எடுத்தேன். அறுப்பதற்கு முன் கீழே பார்த்தேன். தூரத்தில், நான் சொன்ன இடத்தில், ஆரஞ்சு நின்றுகொண்டிருந்தது. கயிற்றுப் பையின் மேல் ஒன்றும் இல்லை.